குன்னூரின் உணவாசான்: சேர் றொபேட் மக்கரிசன்

நோய் வந்தபோது மருந்து எழுதித் தருபவரை நோக்கி, அவர் எங்கே கற்றார், யாரிடம் பயின்றார், எந்தச் சபை அவருக்கு உரிமை வழங்கியது என்று வினவுவது நாகரிக சமுதாயத்தின் வழக்கம். நீதிமன்றத்தில் நமக்காக வாதாட வருபவரிடமும் அவ்வாறே வினவுகின்றோம். பாலம் கட்டுபவரிடமும் வினவுகின்றோம். ஆனால், இன்னதை உண்ணுக, இன்னதை விலக்குக என்று அறிவுரை கூற வருபவரிடம் மாத்திரம் அவ்வினாவை நாம் எழுப்புவதில்லை. உணவு எல்லோருக்கும் பொது. ஆதலின் உணவைப் பற்றிய அறிவும் எல்லோருக்கும் இயல்பாகவே வாய்த்திருக்கும் என்று எண்ணிவிடுகின்றோம்.

திருவள்ளுவர் அவ்வாறு எண்ணினாரல்லர். மருந்து என்னும் அதிகாரத்தை வகுத்த அப்பெருந்தகை, அதன் பத்துக் குறட்பாக்களில் பெரும்பாலானவற்றை உண்ணும் அளவுக்கும் செரிமானத்துக்குமே ஒதுக்கினார். இறுதிப் பாக்களிலேதான் மருத்துவனைப் பற்றிப் பேசினார். உணவறிவும் மருத்துவ அறிவும் ஒரே அதிகாரத்தில் வைத்து எண்ணத்தக்கவை என்பது தமிழ் மரபுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும், உணவறிவு தனக்கென ஆய்வுகூடமும், பாடநூலும், பயிற்சியும், தகுதிச் சான்றும் உடைய தனித் துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். அத்துறையின் ஆசிய வேர்களுள் ஒன்று நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், ஓர் அறையிலே ஊன்றப்பெற்றது. ஊன்றியவர் சேர் றொபேட் மக்கரிசன். பிறர் உணவைப் பற்றிப் பேசும் உரிமை ஒருவருக்கு எவ்வாறு வருகின்றது என்பதை அறிய விரும்புவோர் அவருடைய வாழ்க்கையைப் படித்தல் வேண்டும். அவர் சரியாகக் கண்டவற்றிலிருந்து மட்டுமன்றி, பிழையாகக் கருதியவற்றிலிருந்தும் அவ்வுண்மை விளங்கும்.

மலைநாட்டு மருத்துவர்

மக்கரிசன் 1878ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆந் திகதி, அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரிற் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900இல் சிறப்புடன் தேறினார். அடுத்த ஆண்டிலேயே இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்து கப்பலேறினார். இருபத்து மூன்று வயது இளைஞரை அரசு அனுப்பிய இடம், சென்னையோ கல்கத்தாவோ அன்று. வடமேற்கு எல்லையிலே, இந்துகுஷ் மலைத்தொடரின் மடியிற் கிடந்த சித்திரால்.

படைவீரரின் காயங்களுக்குக் கட்டுப்போடுவதோடு அவர் அமைதியுறவில்லை. அப்பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் தோன்றி மூன்று நாட்களில் மறையும் காய்ச்சல் ஒன்றை நுணுகி ஆராய்ந்து எழுதினார். மணல் ஈக்களாற் பரவும் காய்ச்சல் என இன்று மருத்துவ உலகம் அறிந்திருப்பது அதுவே. பின்னர் அவர் கில்கிற் பகுதியின் மருத்துவராக நியமனம் பெற்று ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்கே பணியாற்றினார்.

கில்கிற்றில் அவர் கண்ணைக் கவர்ந்தது மக்களின் கழுத்து. தொண்டைக் கழலை அங்கே ஊர்தோறும் மலிந்திருந்தது. ஒரே நீரோடையை அடுத்தடுத்து நம்பியிருந்த எட்டுக் கிராமங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்வையிட்டார். ஓடையின் தலைப்பிலிருந்த கிராமத்தில் கழலை குறைவாகவும், நீர் கீழே இறங்க இறங்க நோய் மிகுதியாகவும் இருக்கக் கண்டார். நீரை மேலூரார் அசுத்தப்படுத்திக் கீழூரார் அருந்துவதே காரணம் என ஐயுற்றார். ஐயத்தைப் பிறர்மீது மட்டும் சோதித்துப் பார்க்கும் மனம் அவருக்கு இருக்கவில்லை. அந்நீரை வடிகட்டியபோது தங்கிய மண்டியைத் தாமே அருந்தினார். தாமாக முன்வந்தவர் சிலரும் உடன் அருந்தினர். சிலருக்குக் கழுத்துச் சுரப்பி வீங்கியது. கொதிக்கவைத்த மண்டியை அருந்தியவர்களுக்கு வீங்கவில்லை. இவ்வாய்வு அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. 1913இல் இலண்டன் மருத்துவக் கல்லூரியிலே மில்றோய் சொற்பொழிவுகளை நிகழ்த்தும் பேறும் பெற்றார்.

ஆனால், அவர் கொண்ட முடிவு முழுமையானதன்று. நீரிலுள்ள கிருமியே கழலையின் காரணம் என்பது அன்றைய அவர் கொள்கை. 1917ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே ஒகாயோ மாநிலத்து அக்றன் நகரில், டேவிட் மரைன் என்பவரும் அவர் துணைவரும் பாடசாலைச் சிறுமியருக்குச் சிறிதளவு அயடீன் கொடுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினர். அயடீன் குறைவே தலையாய காரணம் என்பது அதன்பின் நிலைபெற்றது. தம் உடலையே சோதனைக் களமாக்கிய அறிஞரின் கொள்கையும் திருத்தத்துக்கு உட்பட்டது. தியாகம் ஒருவரை மதிப்புக்குரியவராக்கும்; ஆனால், அவர் சொன்னதை அதுவே உண்மையாக்கிவிடாது. பிறர் மீண்டும் சோதித்துச் சரிபார்த்தபோதே அது நிலைபெறும். உணவியலைக் கற்கப் புகும் மாணவர் முதலில் மனத்திற் பதிக்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.

ஓர் அறையில் எழுந்த ஆய்வுகூடம்

முதலாம் உலகப் போர் முடிவுற்ற 1918ஆம் ஆண்டில் மக்கரிசன் குன்னூருக்கு வந்தார். நாய்க்கடிக்கு மருந்து தயாரித்துவந்த பாஸ்டர் நிலையத்திலே ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதே அவருக்கு இட்ட பணி. கால் மரத்துப்போய், உடல் வீங்கி, ஈற்றில் இதயம் தளர்ந்து மனிதன் மாயும் அந்நோய், அரிசி உண்ணும் நாடுகளை அக்காலத்தில் அலைக்கழித்தது.

இத்துறையில் அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். யாவாத் தீவிலே ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டைக் கொடுத்தபோது எழுந்து நடப்பதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தார். 1912இல் காசிமிர் பங்க் என்பவர் உயிர்ச்சத்து என்னும் கருத்துக்குப் பெயர் சூட்டினார். மக்கரிசன் குன்னூரிலே புறாக்களையும் குரங்குகளையும் வைத்து அவ்வாய்வை மேலும் ஆழப்படுத்தினார். குறைவுபட்ட உணவு நரம்பை மட்டும் தாக்குவதில்லை. குடல், சுரப்பிகள் முதலிய உள்ளுறுப்புகள் அனைத்தையும் அது படிப்படியாகச் சிதைக்கின்றது என்று காட்டினார். இவ்வாய்வுகளின் திரட்டு 1921இல் நூலாக வெளிவந்தது.

பெரிபெரி தென்னாட்டில் எல்லா இடங்களிலும் ஒரே அளவாகப் பரவியிருக்கவில்லை. தெலுங்கு பேசும் கடலோர மாவட்டங்களில் மிகுந்திருந்த நோய், தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தது. இரு சாராரும் அரிசியையே உண்டனர். வேறுபாடு அரிசியைப் பக்குவப்படுத்தும் முறையில் இருந்தது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குற்றும்போது, உமிக்கும் தவிட்டுக்கும் அருகிலுள்ள உயிர்ச்சத்து மணியின் உட்புறம் இறங்கிவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. பச்சரிசியை ஆலையிலே தீட்டும்போது அச்சத்து தவிட்டோடு போய்விடுகின்றது. எஞ்சியதும் அரிசியைப் பலமுறை கழுவுவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் குறைகின்றது. புழுங்கல் அரிசியின் பெருமையை நம் வீடுகள் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருந்தன. அதன் காரணத்தை ஆய்வுகூடமே விளக்கிக் கூறிற்று. மரபு, ஆய்வு இரண்டும் கைகோத்து நிற்கும்போது உணவறிவு எவ்வளவு உறுதி பெறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைத்தல் அரிது.

அறிவாராய்ச்சிக்கும் சிக்கனத்துக்கும் என்றும் பகை. 1923இல் இந்திய அரசு செலவைக் குறைக்கப் புகுந்தபோது குன்னூர் ஆய்வும் நிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் பெரிபெரியாலும் பிற குறைநோய்களாலும் வீணாகும் உயிர்களின் விலை அக்கணக்கேட்டில் இடம்பெறவில்லை போலும். இரண்டாண்டுகளின் பின் 1925இல் ஆய்வு மீண்டும் தொடங்கியது. 1920களின் இறுதியில் அது போசணை ஆராய்ச்சி நிலையம் என விரிவுபெற, மக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

எலிகள் புகட்டிய பாடம்

மக்கரிசனின் பெயரை உலகறியச் செய்தவை குன்னூரில் அவர் வளர்த்த வெள்ளெலிகளே. இந்தியாவின் பல்வேறு மக்களும் உண்ணும் உணவை அவர்கள் சமைக்கும் முறையிலேயே சமைத்து, ஒரே வயதும் எடையும் கொண்ட எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டினார். சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. முழுக்கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது சிறிது இறைச்சி என்பன அவ்வுணவின் உறுப்புகள். பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளியர் உணவுகளை உண்டவை அவ்வரிசையிலே படிப்படியாகக் குறைந்த எடை பெற்றன. கடைசி வரிசையில் நின்றவை சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகள். சீக்கியர் உணவெலியின் சராசரி எடை 235 கிராம்; சென்னை உணவெலியின் எடை 155 கிராம். நன்கு கழுவித் தீட்டிய அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய், சிறிது மோர், சீனியிட்ட காப்பி என்று அமைந்த உணவின் பயன் அது.

இம்முடிவு தமிழருக்கு உவப்பானதன்று. ஆயினும் உவப்பு வேறு, உண்மை வேறு. அவ்வுணவிலே பாலும் முழுத்தானியமும் கீரையும் போதாமலிருந்தன என்பதை மறுத்தல் இயலாது. அதே வேளையில், எலிக்கூட்டிலிருந்து மனிதர் வீட்டுக்குச் செல்லும்போது நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கூட்டிலே உணவை வைப்பவர் ஆய்வாளர். தொழிலாளியின் தட்டிலே உணவை வைப்பது அவன் பெறும் கூலி. குறைந்த எடைக்கு இனமோ பிறப்போ காரணமன்று, உணவே காரணம் என்பதுதான் எலிகள் கூறிய செய்தி. ஒரே குலத்து எலிகளே அனைத்துக் கூடுகளிலும் இருந்தன. வீரத்தையும் வலிமையையும் சில இனங்களுக்கே உரியனவாகப் பிரித்துப் பேசிய காலனித்துவக் காலத்தில், அக்கொள்கையின் வேரையே இச்சோதனை அசைத்தது எனலாம்.

தம் நாட்டாரின் உணவையும் அவர் தப்பவிடவில்லை. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உண்ட வெள்ளை ரொட்டி, மாஜரின், சீனி மிகுந்த தேநீர், அவித்த காய்கறி, தகரத்திலடைத்த இறைச்சி, மலிவான பழப்பாகு ஆகியவற்றை மற்றொரு கூட்டத்துக்கு ஊட்டினார். அவை வளர்ச்சி குன்றின. நுரையீரலும் குடலும் நோயுற்றன. ஈற்றிலே ஒன்றையொன்று கடித்துத் தின்னவும் தலைப்பட்டன. ஆளும் நாட்டின் தட்டும் ஆளப்படும் நாட்டின் தட்டும் ஒரே தராசில் ஏறின.

தானியம் விளையும் மண்ணையும் அவர் மறந்தாரல்லர். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியின் விஸ்வநாத் அவர்களுடன் கூடி, தொழுவுரமிட்டு விளைந்த தானியத்தையும் பிற வகையில் விளைந்த தானியத்தையும் ஒப்பிட்டு 1926இல் ஆய்வுரை வெளியிட்டார். 1928இல் பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் தாய்சேய் நல நிலையங்களுக்கும் சாரணர் இயக்கங்களுக்கும் பயன்படுமாறு உணவைப் பற்றிய சிறிய பாடநூல் ஒன்றை எழுதினார். ஆய்வுரைகளை மருத்துவர்களுக்காக எழுதிய கை, ஆசிரியருக்கும் மாணவருக்குமாகவும் எழுதியது என்பது நம் கவனத்துக்குரியது. ஆய்வுகூடத்து உண்மை வகுப்பறை வழியாகவே அடுக்களையை அடையும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பெயர் வளர்ந்தது, பொருள் திரிந்தது

மக்கரிசனின் சொற்களுக்கு நேர்ந்த ஒரு விபத்தையும் இங்கே கூறுதல் வேண்டும். கில்கிற்றுக்கு அப்பாலிருந்த ஹுன்சா மக்களின் உடல்நலத்தை அவர் வியந்து எழுதியிருந்தார். முழுத்தானியம், காய்கறி, பழம், ஓரளவு பால் என்னும் எளிய உணவோடு அவர்கள் வலிமையாய் வாழ்ந்ததை மருத்துவர் என்ற முறையிற் குறித்தார். பின்னாளில் மேல்நாட்டில் இச்செய்தியைக் கையிலெடுத்தோர் அதனைப் பெருங்கதையாக்கினர். ஹுன்சா மக்களுக்கு நோயே இல்லை என்றனர். நூறாண்டுக்கு மேலும் இளமையோடு வாழ்கின்றனர் என்றனர். அவர்கள் உண்ணும் சருக்கரை பாதாமிப் பழத்திலே ஆயுள் இரகசியம் அடங்கியிருக்கின்றது என்றும் விற்பனை செய்தனர். பிறந்த நாளைப் பதிவு செய்யும் வழக்கமே இல்லாத பள்ளத்தாக்கில் வயதை யார் கணக்கிட்டார் என்று எவரும் கேட்கவில்லை. பின்னர் சென்ற மருத்துவர்கள் அங்கும் நோயும் குறைபோசணையும் இருப்பதைக் கண்டனர்.

ஓர் அறிஞரின் அவதானம், பயிற்சியற்றோர் வாய்க்குச் சென்றவுடன் எவ்வாறு மாறியது என்பதற்கு இது சான்று. இன்றும் உணவைப் பற்றிய வதந்திகளிற் பல இவ்வழியிலேதான் பிறக்கின்றன. ஓர் உண்மையின் துணுக்கு; அதன்மேல் ஒரு பெரியாரின் பெயர்; அதன்மேல் ஒரு வியாபாரம். இதற்கு மாற்று, உணவைப் பற்றிப் பேசுவோரைத் தடுப்பதன்று. பேசத் தகுதியுடையோரைப் பயிற்றி உருவாக்குவதாகும்.

குன்னூர் அப்பணியையும் மேற்கொண்டது. 1933இல் சேர் பட்டம் பெற்ற மக்கரிசன், 1935இல் ஓய்வுபெற்றார். அவருக்குப்பின் இயக்குநரான வலஸ் அய்க்ரோயிட், இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளைப் பகுத்து அட்டவணையாக வெளியிட்டார். 1930களின் பிற்பகுதியில் சுகாதாரத் துறையினர் குன்னூருக்கு வந்து போசணை பயிலும் வகுப்புகளும் தொடங்கின. உணவுப் பொருளைப் பகுத்தல், குடும்பங்களின் உணவை நிறுத்துக் கணக்கிடுதல், குழந்தைகளின் உடலிற் குறைநோயின் அடையாளங்களை இனங்காணுதல் என்பன அங்கே கற்பிக்கப்பட்டன. 1958இல் அந்நிலையம் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969இல் தேசிய போசணை நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. பயிற்சி வகுப்புகளும் உடன் சென்றன.

மக்கரிசனோ தாயகம் திரும்பியும் ஓயவில்லை. 1936இல் இலண்டனிலே போசணையும் நாட்டு நலமும் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் புகழ்பெற்றன. 1945 முதல் 1955 வரை ஒக்ஸ்போர்டிலே பட்டம் பெற்ற மருத்துவர்களின் மேற்கல்விக்கு இயக்குநராக விளங்கினார். ஆய்வாளராக வாழ்வைத் தொடங்கியவர் ஆசிரியராகவே அதனை நிறைவு செய்தார். 1960ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி அவர் காலமானார்.

தகுதி என்பது யாது?

அவர் கண்ட துறை இன்று எங்கே நிற்கின்றது? நோயாளிக்கு நோய்க்கேற்ற உணவை வகுப்பவர் உணவியலாளர் எனவும், சமுதாயத்தின் உணவு நலத்தைப் பேணுபவர் போசணையியலாளர் எனவும் பொதுவாக வழங்கப்பெறுவர். ஐக்கிய அமெரிக்காவில் உணவியலாளர் சங்கம் 1917இலேயே தோன்றியது. அங்கே 2024 முதல், பதிவுபெற்ற உணவியலாளராவதற்கான தேர்வுக்கு அமர முதுநிலைப் பட்டம் வேண்டும். குறைந்தது ஆயிரம் மணிநேரம் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியும் பெற்றிருத்தல் வேண்டும். பிரித்தானியாவில் உணவியலாளர் என்னும் பெயரைப் பதிவின்றிச் சூடிக்கொள்வது சட்டத்துக்கு மாறானது; போசணையியலாளர் என்னும் பெயருக்கோ அத்தகைய சட்டக் காவல் இல்லை. இந்தியாவில் 1963இல் தோன்றிய உணவியல் சங்கம், உரிய பட்டமும் வைத்தியசாலைப் பயிற்சியும் உடையோருக்குத் தேர்வு நடத்திப் பதிவு வழங்குகின்றது. 2021இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டம் இவ்விரு தொழில்களையும் தன் வரம்புக்குட் கொண்டுவந்தது.

பட்டம் ஒன்று போதாதா, பயிற்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சோற்றுக் கஞ்சியைக் கொட்டாதீர்கள், காய்கறி அவித்த நீரை வீணாக்காதீர்கள் என்பது குன்னூர் ஆய்வுகள் காட்டிய வழி. ஆரோக்கியமான குடும்பத்துக்கு அது பொன்னான அறிவுரை. ஆனால், சிறுநீரகம் தளர்ந்து, இரத்தத்திலே பொற்றாசியம் பெருகிய நோயாளிக்கு, காய்கறியை நறுக்கி மிகுந்த நீரிலே அவித்து அந்நீரைக் கொட்டிவிடுமாறு உணவியலாளர் சொல்வர். ஒருவருக்குச் சத்தாக நிற்பது மற்றொருவருக்கு நஞ்சாகின்றது. குழந்தைக்கு நலந்தரும் வாழைப்பழமும் இளநீரும் அந்நோயாளியின் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். பொதுவான உண்மை நூலிலே கிடைக்கும். இந்த மனிதருக்கு, இந்த நாளில், இந்த இரத்தப் பரிசோதனையின் பின் எது ஏற்றது என்பது நோயாளியின் கட்டிலருகே ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பிலே மட்டும் கிடைக்கும். ஆயிரம் மணிநேரம் என்ற கணக்கின் பொருள் இதுவே.

நம் மலைகளுக்கு வருவோம்

கில்கிற் ஓடையைப் போலவே, நமது சப்பிரகமுவ மாகாணத்திலும் இறங்கிச் செல்லும் வழியொன்று உண்டு. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, தேயிலையும் இறப்பரும் செழித்த ஈரவலயத்தில் தொடங்கி, உடவளவை நீர்த்தேக்கத்தின் நீர் பாயும் உலர்வலய வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் கொண்டு சேர்க்கின்றது. சில மணிநேரப் பயணத்துள் மண் மாறுகின்றது, மழை மாறுகின்றது, தட்டும் மாறுகின்றது. மேலே லயன்களில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சீனியிட்ட தேநீரும். கீழே சோறும் குரக்கனும் வாழைப்பழமும். வெள்ளை ரொட்டியும் இனிப்புத் தேநீரும் பற்றி மக்கரிசன் கூறியது பிரித்தானியத் தொழிலாளரைக் குறித்தே என்றாலும், அதைப் படிக்கும் தோட்டத்து ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவரின் காலையுணவை நினையாதிருத்தல் இயலாது.

கழலையும் நமக்குப் புறம்பானதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் உள்ளிட்ட நம் தென்மேற்கு ஈரவலயம் நெடுங்காலமாகக் கழலை மிகுந்த பிரதேசமாக இருந்தது. 1995 முதல் உணவு உப்பிலே அயடீன் சேர்த்தல் இலங்கையிற் கட்டாயமானபின் நோய் பெரிதும் குறைந்தது. கில்கிற்றிலும் அக்றனிலும் எழுந்த விவாதத்தின் முடிவு, இன்று தோட்டத்துக் கடையில் வாங்கும் உப்புப் பொதியில் அடங்கியிருக்கின்றது.

கொழும்பிலும் ஆய்வு நிகழாமலில்லை. அங்கே அரசாங்க ஆய்வுகூடத்தின் தலைவராக விளங்கிய லூசியஸ் நிக்கல்ஸ், குறையுணவால் தோல் தவளைத்தோல் போல் சொரசொரப்பாகும் நோயை 1933இல் விளக்கிப் பெயரிட்டார். 1938இல் வெப்பமண்டல நாடுகளின் போசணையும் உணவியலும் பற்றிய நூலையும் எழுதினார். இன்று வயம்பப் பல்கலைக்கழகம் உணவு விஞ்ஞானத்திலும் போசணையிலும் பட்டப் படிப்பை நடத்துகின்றது. ஆகவே, கற்கும் வழி நாட்டில் இல்லாமலில்லை. வழிக்குச் செல்லும் வாயிலே குறுகலாயிருக்கின்றது. உயர்தர வகுப்பிலே விஞ்ஞானப் பாடங்களைக் கற்றோரே அத்தகைய படிப்பை எட்ட முடியும். பெருந்தோட்டப் பகுதிகளின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சிலவே. இரசாயனம் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையிலேயே, நாளைய உணவியலாளருக்குரிய தகுதிச் சான்று மறுக்கப்பட்டுவிடுகின்றது.

தகுதியை வற்புறுத்துவது நியாயம். அத்தகுதியைப் பெறும் வழியை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுவதும் அதே அளவு நியாயம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்தால், சான்று காவலாக நில்லாது, மதிலாகவே நிற்கும். வைத்தியசாலையிலே நீரிழிவுக்குரிய உணவுமுறையை எழுதித் தருபவர், லயத்து அடுக்களையின் அடுப்பையும், பிள்ளைக் காம்பராவிலே குழந்தையை விட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்க்கு எஞ்சும் நேரத்தையும், சம்பள நாளுக்கு முந்திய வாரத்தின் வெறும் பானையையும் அறிந்திருக்க வேண்டாமா? தமிழில் பேசி, தமிழில் கேட்டு, முருங்கைக் கீரையும் நெத்தலியும் பாசிப்பயறும் கொண்டு அவ்வுணவை வகுக்கத் தெரிந்த ஒருவர், அத்தோட்டத்திலிருந்தே படித்து வருவாரானால் அதனினும் சிறந்தது யாது?

மக்கரிசன் விட்டுச்சென்றது எந்த ஒரு பத்தியமும் அன்று. சீக்கியர் உணவை எல்லோரும் உண்ணுங்கள் என்று அவரது வாழ்வைச் சுருக்குவது, ஹுன்சாக் கதையைக் கட்டியவர்களின் பிழையையே மீண்டும் செய்வதாகும். அவர் விட்டுச்சென்றது ஒரு முறை: கண்டதை நிறுத்துப் பார், நிறுத்ததை எழுதிவை, எழுதியதைப் பிறர் சோதிக்கக் கொடு, பின்னர் பாடசாலைக்குக் கொண்டு செல். அவர் 1928இல் எழுதிய சிறு நூலை நினைந்து, ஒவ்வொரு தோட்டத்துப் பாடசாலையிலும் ஒரு தராசும் ஓர் உயரமானியும் வைத்து, மாணவரின் எடையையும் உயரத்தையும் தவணைக்கொரு முறை குறித்துவர ஆசிரியப் பெருமக்கள் முற்படுவார்களாயின், அக்குறிப்பேடே நம் மலைநாட்டின் முதற் போசணைப் பாடநூலாகும். அதனைப் படித்து வளரும் மாணவியருள் ஒருத்தி, உரிய பட்டமும் பயிற்சியும் பெற்று, எம்பிலிப்பிட்டிய வைத்தியசாலையிலோ இரத்தினபுரி வைத்தியசாலையிலோ உணவியலாளராக அமரும் நாளை எதிர்பார்த்து உழைப்பது நம் கடன்.